பழுது பார்த்து வந்த கணினியில் சூடும் விசைப்பலகைச் சிக்கலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைக் கணினியைப் பழுது பார்த்து வாங்கி வந்த பின் எழும் இரண்டு முறையீடுகள் பற்றியவை இந்தக் கேள்விகள். ஒன்று, முன்பு இல்லாத சூடு. மற்றொன்று, விசைப்பலகை வேலை செய்யாமை. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்க்கத் துணிவுள்ளவர்களை மனத்தில் கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. திறப்பதற்கு முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பிறகு கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் இருக்கும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

பழுது பார்ப்பதற்கு முன் நன்றாக இருந்த கணினி, வந்த பிறகு ஏன் சூடாகிறது? புதிதாக ஏதோ கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. கழற்றி மாட்டிய பகுதிகளில் ஏதோ ஒன்று பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது "எந்தப் பகுதி கெட்டது?" என்பதன்று, "எந்தப் பகுதியில் கை வைத்தார்கள்?" என்பதே. மதர்போர்டு எனும் முதன்மைப் பலகை மாற்றப்பட்டிருந்தால், கணக்கிடும் சில்லான பிராசஸரின் மேலுள்ள கூலரை (அதைக் குளிர்விக்கும் உலோகத் தகடுகளும் விசிறியும்) கட்டாயம் கழற்றியிருப்பார்கள்; அப்போது சந்தேகம் அவ்விரண்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டின் மேல் விழ வேண்டும். ஹார்டு டிஸ்க் மட்டும் மாற்றப்பட்டது என்றால் கூலரைத் தொட்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கே விசிறியில் உரசும் கேபிளையோ, மூடும்போது கழன்ற இணைப்பையோ தேடலாம். வெறும் விண்டோஸ் நிறுவல்தான் நடந்தது என்றால் திருப்புளியை எடுக்கவே வேண்டாம். அதற்கான பதில் கீழே தனியாக உள்ளது.

எவ்வளவு சூடு இயல்பானது? அதை எப்படிப் பார்ப்பது?

கையால் கேபினெட்டைத் தொட்டுப் பார்ப்பது நம்பத்தக்க அளவுகோல் அன்று. பிராசஸருக்குள்ளேயே வெப்ப உணரி உண்டு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸரின் வெப்பநிலையைக் காட்டாது என்பதால், எச்டபிள்யூ மானிட்டர், கோர் டெம்ப் போன்ற இலவசச் செயலிகளில் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் விண்டோஸ் தொடங்கும் முன்பே இயங்கும் பயாஸ் எனும் அமைப்புத் திரையிலேயே வெப்பநிலை தெரியும். ஆனால் பயாஸில் பிராசஸர் மின்சேமிப்பு நிலைக்குப் போகாததால், அங்கே காணும் எண் விண்டோஸில் சும்மா இருக்கும்போது காணும் எண்ணைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

வேலை எதுவும் இல்லாதபோது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ், கடுமையான வேலையின்போது 65 முதல் 85 டிகிரி என்பது பொதுவாகக் கவலைப்பட வேண்டாத எல்லை. பல இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் 100 டிகிரியை உச்ச வரம்பாகக் கொண்டவை. அதை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. எனவே, உங்கள் பிராசஸரின் மாதிரி எண்ணையும் அதன் உச்ச வரம்பையும் தயாரிப்பாளரின் பக்கத்தில் பார்த்துவிட்டு, அதன் பிறகு அஞ்சுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

வெப்பநிலையைப் பார்த்துவிட்டேன், அதிகமாகத்தான் இருக்கிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதையும் பாருங்கள். ஏதேனும் ஒரு கனமான வேலையைத் தொடங்கி, கடிகாரத்தோடு உட்காருங்கள். தொடங்கிய சில நொடிகளிலேயே 45 டிகிரியிலிருந்து 95-க்குத் தாவி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் சடாரென்று இறங்கினால், பிராசஸரில் உண்டாகும் வெப்பம் கூலருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். பேஸ்ட், கூலர் பொருந்தும் விதம், கூலரின் அடியில் உரிக்காமல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாள் ஆகிய மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. அந்த நேரத்தில் கூலரின் உலோகத் தகடுகளைத் தொட்டுப் பார்த்தால், பிராசஸர் கொதித்துக்கொண்டிருக்க, தகடுகள் குளிர்ந்தே இருக்கும். இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. தொடும்போது விரல் விசிறியின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறாக, பத்து இருபது நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, நிறுத்திய பிறகும் மெதுவாகவே இறங்கினால், வெப்பம் கூலருக்கு வந்துவிட்டது, ஆனால் கேபினெட்டை விட்டு வெளியேறவில்லை. தூசி அடைத்த தகடுகள், சுற்றாத விசிறி, திசை மாற்றி மாட்டப்பட்ட விசிறி, சுவரை ஒட்டி வைக்கப்பட்ட கேபினெட் ஆகியவற்றைப் பாருங்கள்.

தெர்மல் பேஸ்ட் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கூலரைக் கழற்றித்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒரு முறை கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டே ஆக வேண்டும். ஆகவே புதிய பேஸ்ட் கையில் இல்லாமல் கழற்றாதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் (பிராசஸர் பொருந்தும் இடம்) இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதில் பிராசஸரின் அடியில்தான் முட்கள் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் பசை போலப் பிடித்துக்கொண்டு, கூலரை மேலே இழுக்கும்போது பிராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிய்ந்து கூடவே வந்துவிடும். கணினியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடாக்கிப் பின் அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும்.

கழற்றிய பின் இரண்டு பரப்புகளையும் நன்றாகப் பாருங்கள். பிராசஸரின் மூடி முழுவதும் மெல்லிய சாம்பல் நிறப் படலம் சீராகப் பரவியிருந்தால் பேஸ்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது. நடுவில் மட்டும் கட்டியாக நின்று ஓரங்கள் வெறுமையாக இருந்தால் கூலர் போதிய அழுத்தத்தில் உட்காரவில்லை. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் திருகுகள் சமமாக இறுக்கப்படவில்லை. பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடி போல் உதிர்ந்தால், கூலரைக் கழற்றியவர் புதுப் பேஸ்ட் போடாமல் அப்படியே திரும்ப மாட்டிவிட்டார் என்று அறியலாம். கூலர் புதியது என்றால் அதன் அடிப்பரப்பில் கண்ணாடி போன்ற மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒட்டியே இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் பழுது பார்ப்பவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் சொந்தக் கணினிக்குக் கூலர் மாற்றிய நாளில் அந்தத் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டு, பிராசஸரைத்தான் இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்தேன்.

துடைப்பதற்கு 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும் போதும். புதுப் பேஸ்டை ஒரு பட்டாணி அளவுக்கு நடுவில் வையுங்கள். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். பிராசஸரின் மூடி அகலமானதாக இருந்தால் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். நிறையப் போட்டால் நிறையக் குளிரும் என்பது தவறான எண்ணம். பேஸ்டின் வேலை இரு உலோகப் பரப்புகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களில் காற்றுக்குப் பதிலாகத் தான் நிற்பது மட்டுமே. தடிமன் கூடினால் அதுவே தடையாகிவிடும்.

பேஸ்ட் புதிதாகப் போட்டும் சூடு குறையவில்லை. கூலர் லேசாக ஆடுகிறது.

ஆடுகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்டெல் பிராசஸரோடு வரும் கூலரில் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் உள்ள அம்புக்குறி, கழற்றும்போது திருப்ப வேண்டிய திசையைக் காட்டுவது. மாட்டும் திசை என்று அதைத் தவறாக எண்ணித் திருப்பி வைப்பவர்கள் மிகப் பலர். மாட்டுவதற்கு முன் நான்கையும் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டிரண்டாகக் "க்ளிக்" என்று ஓசை கேட்கும்வரை அழுத்த வேண்டும். மதர்போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் நான்கு துளைகளிலும் வெண்ணிறப் பிளாஸ்டிக்கின் பிளவுபட்ட முனை விரிந்து, நடுவே கறுப்பு ஊசி இறங்கியிருப்பது தெரியும். ஒரு மூலையில் அது தெரியாவிட்டால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் பயனில்லை. திருகு வைத்த கூலர்களிலும் இதே குறுக்குமுறைதான்: ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் சிறிது சிறிதாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள்.

கணினியைத் தொடங்கும்போது "சிபியூ ஃபேன் எரர்" என்று வருகிறது, ஆனால் விசிறி சுற்றுகிறதே?

விசிறியின் கம்பியைச் "சிபியூ ஃபேன்" என்று அச்சிட்ட இடத்தில் செருகாமல், பக்கத்திலுள்ள கேபினெட் விசிறிக்கான இடத்தில் செருகியிருப்பார்கள். மின்சாரம் கிடைப்பதால் விசிறி சுற்றும். ஆனால் தன் இடத்தில் சுழற்சி எண்ணிக்கை பதிவாகாததால் மதர்போர்டு எச்சரிக்கும். இதனால் இன்னொரு தீங்கும் உண்டு. பிராசஸர் சூடேறும்போது விசிறியின் வேகத்தைக் கூட்டும் கட்டளை இப்போது விசிறி செருகியிருக்கும் இடத்துக்குப் போகாததால், அது ஒரே வேகத்தில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கம்பியை இடம் மாற்றிச் செருகினால் இரண்டும் தீரும். மூன்று முள் விசிறியை நான்கு முள் இடத்தில் செருகலாம், ஆனால் பயாஸில் அந்த இடத்துக்கு மின்னழுத்தத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிசி முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது எந்நேரமும் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்தால் சூடு குறைகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

சோதனைக்காக ஒரு மணி நேரம் விடலாம். மூடியைத் திறந்ததும் பத்து டிகிரி குறைகிறது என்றால் காற்றோட்டத்தில்தான் கோளாறு என்று உறுதியாகிவிட்டது; அந்தத் தகவலைப் பெற்றுக்கொண்டு மூடிவிடுங்கள். விசிறியின் சட்டமும் குறுக்குக் கம்பிகளும் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்பக்க விசிறி காற்றை உள்ளே இழுக்கவும் பின்பக்க விசிறி வெளியே தள்ளவும் வேண்டும். இரண்டும் உள்ளே இழுத்தாலோ இரண்டும் வெளியே தள்ளினாலோ வெப்பம் தங்கிவிடும். தூசியை ஊதும்போது விசிறியின் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் மட்டும்தான் மீண்டும் நிறுவினார்கள். அதற்கும் சூட்டுக்கும் என்ன தொடர்பு?

புதிதாக நிறுவிய விண்டோஸ் முதல் சில மணி நேரம் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும், கோப்புகளைப் பட்டியலிட்டுக்கொண்டும் இருக்கும். அதுவரை பிராசஸர் ஓயாது. ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் டாஸ்க் மேனேஜரில் எதுவும் செய்யாமலே பிராசஸரின் பயன்பாடு 30, 40 விழுக்காட்டில் நின்றால், எந்தச் செயலி அதைத் தின்கிறது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் குறைந்தபட்ச நிலை 100 விழுக்காடு என்று வைக்கப்பட்டிருந்தால் சும்மா இருக்கும்போதும் அது வேகத்தைக் குறைக்காது, அதை மாற்றிவிடலாம்.

கணினி திடீரென்று அணைந்துவிடுகிறது. சூடா, எஸ்எம்பிஎஸ் கோளாறா?

அணைவதற்கு முன் வெப்பநிலை எவ்வளவு இருந்தது என்பதே இதற்கு விடை. வெப்பநிலைச் செயலியைப் பதிவு எடுக்கும் நிலையில் ஓடவிடுங்கள். கடைசி வரியில் 100-ஐ ஒட்டிய எண் இருந்தால் சூடு; 60 டிகிரியிலேயே அணைந்திருந்தால் மின்பெட்டி அல்லது தளர்ந்த மின் இணைப்பு. விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்ற பதிவைக் கண்டு பலர் குழம்புகிறார்கள். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கருகிய நாற்றம் வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், மின்கம்பியைப் பிடுங்கிவிடுங்கள்.

இனி விசைப்பலகை. எந்த விசையை அழுத்தினாலும் ஓர் எழுத்தும் விழவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கணினியைத் தொடங்கியவுடன் டெலீட் அல்லது எஃப் 2 விசையை விட்டுவிட்டுத் தட்டி, பயாஸுக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். பயாஸில் அம்பு விசைகள் வேலை செய்து, விண்டோஸில் மட்டும் செய்யவில்லை என்றால் விசைப்பலகையும் கம்பியும் போர்ட்டும் நலமாக இருக்கின்றன, கோளாறு டிரைவரில், அதாவது விசைப்பலகையை இயக்கும் மென்பொருளில். மவுஸைக் கொண்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, விசைப்பலகையின் மேல் வலது சொடுக்கு செய்து அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் தொடங்குவது இதற்குப் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்துத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே மாட்டிக்கொண்டிருந்தால், கீழே வலது மூலையில் உள்ள அணுகல் சின்னத்தைச் சொடுக்கித் திரை விசைப்பலகையை வரவழைத்து உள்ளே போகலாம்.

பயாஸிலும் வேலை செய்யவில்லை என்றால் அதே விசைப்பலகையை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே எழுதினால், உங்கள் கணினியின் போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பின்பக்கம் செருகினால் எழுதுகிறது, முன்பக்கம் செருகினால் எழுதவில்லை.

பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்கப் போர்ட்டுகளோ ஒரு கேபிள் வழியாக மதர்போர்டின் முட்களில் செருகப்படுபவை, யூஎஸ்பி 2.0-க்கு 9 முட்கள், யூஎஸ்பி 3.0-க்கு 19 முட்கள். மூடும்போது அந்தக் கேபிளை மறந்துவிடுவது வழக்கமான தவறு. 19 முள் இணைப்பை அழுத்திச் செருகும்போது முள் வளைந்துவிடுவதும் உண்டு. பழைய கேபினெட்டுகளில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக வரும். அவற்றில் 5 வோல்ட் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறினால் செருகிய கருவியே எரிந்துபோகும். அப்படிப்பட்ட கேபினெட்டில் முன்பக்கம் வேலை செய்யவில்லை என்றால் பென் டிரைவைச் செருகிச் சோதிக்காதீர்கள்.

வட்ட வடிவ பிஎஸ் 2 முனை கொண்ட பழைய விசைப்பலகை?

ஊதா நிறம் விசைப்பலகைக்கு, பச்சை மவுஸுக்கு. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் அதை அடையாளம் காணாது. அணைத்துச் செருகி, மீண்டும் தொடங்க வேண்டும். ஆறு முட்களில் ஒன்று வளைந்திருந்தாலும் எழுதாது.

எழுதுகிறது, ஆனால் வேறு எழுத்து விழுகிறது.

இது பழுதே அன்று. விண்டோஸ் நிறுவும்போது தேர்ந்தெடுத்த மொழியின் விளைவு. ஷிஃப்டோடு 2-ஐ அழுத்தினால் அட் குறிக்குப் பதில் மேற்கோள்குறி வருகிறது என்றால் பிரித்தானிய அமைப்பு தேர்வாகியுள்ளது. ஆங்கிலம் எழுத முயன்று எச் விசைக்குக் "க"வும் ஜே விசைக்குப் "ப"வும் வந்தால் தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு செயலில் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரை அழுத்தி மாற்றலாம். முன்பு தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் அவதிப்படுவார்கள்: மறுநிறுவலில் தமிழ் அமைப்பே காணாமல் போயிருக்கும், மொழி அமைப்புகளில் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

விசையை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழுகிறது என்றால், குறுகிய அழுத்தங்களைப் புறக்கணிக்கும் ஃபில்டர் கீஸ் வசதி இயங்கிவிட்டது. வலப்பக்க ஷிஃப்டை 8 நொடிகள் அழுத்தியபடி இருந்தால் அது தானே இயங்கத் தொடங்கும். விசைப்பலகையின் மேல் ஏதாவது பொருளை வைத்தாலே போதும். அணுகல் அமைப்புகளில் நிறுத்திவிடலாம். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸும் இதன் உடன்பிறப்புதான்.

சில விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை.

திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு, உண்மையான விசைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள்; கணினிக்குப் போய்ச் சேரும் விசை திரையில் ஒளிரும். ஒளிராதவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே ஒரு விசை என்றால் அதன் அடியில் குப்பை. நான்கைந்து விசைகள் கூட்டாக இறந்திருந்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளில் ஒரே கடத்துத் தடத்தைப் பகிர்ந்துகொள்ளும் விசைகள் அவை. ஈரமோ மடிப்போ அந்தத் தடத்தை அறுத்துவிட்டது. சாதாரண விசைப்பலகையில் இதைச் சரிசெய்ய முயல்வதைவிடப் புதிது வாங்குவதே மேல்.

கம்பியில்லா விசைப்பலகை எழுத்துகளை விழுங்குகிறது.

முதலில் பேட்டரி. அடுத்து, சிறிய யூஎஸ்பி ரிசீவர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டிலும் அதில் இணைந்த கருவிகளிலும் எழும் இரைச்சல், இந்த ரிசீவர்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குழப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டது. முன்பு முன்பக்கம் இருந்த ரிசீவரை, பழுது பார்த்தவர் பின்பக்கம் வெளி ஹார்டு டிஸ்க்கின் யூஎஸ்பி 3.0 கேபிளுக்குப் பக்கத்தில் செருகித் தந்திருந்தால் இப்படி ஆகும். இடம் மாற்றுங்கள், அல்லது ஒரு சிறிய நீட்டிப்புக் கேபிளில் செருகி மேசைமேல் வையுங்கள்.

சூடும் விசைப்பலகைச் சிக்கலும் ஒரே நாளில் தொடங்கின. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க முடியுமா?

இருக்க முடியும், இரண்டு வழிகளில். முதலாவது, பழுது பார்க்கும்போது மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அது சிஆர் 2032 என்ற வகை. கழற்றியதும் பயாஸ் தன் பழைய அமைப்புகளை மறந்துவிடும். நீங்கள் முன்பு அமைத்து வைத்த விசிறி வேகமும் போயிருக்கும், யூஎஸ்பி விசைப்பலகையைத் தொடக்கத் திரையிலேயே இயங்கச் செய்யும் லெகசி யூஎஸ்பி அமைப்பும் மாறியிருக்கலாம். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் நடந்தது இதுதான். பயாஸுக்குள் போய் இரண்டையும் மீண்டும் அமையுங்கள். யூஎஸ்பி விசைப்பலகையால் உள்ளேயே நுழைய முடியவில்லை என்றால், பிஎஸ் 2 விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்குவதே குறுக்குவழி.

இரண்டாவது, விசைப்பலகையில் கோளாறே இல்லாமல் இருப்பது. பிராசஸர் கொதித்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, தட்டிய எழுத்து திரைக்கு வர ஒரு நொடி தாமதமாகும். ஐந்தாறு எழுத்துகள் தேங்கி நின்று ஒன்றாக வந்து கொட்டும். விசைப்பலகையை மாற்றினாலும் இது தொடரும். கணினியைத் தொடங்கிய முதல் ஐந்து நிமிடங்களில் சீராக எழுதி, பிறகு தடுமாறினால் விசைப்பலகைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம், கூலரைப் பாருங்கள்.

எப்போது பழுது பார்த்தவரிடமே திரும்பிப் போக வேண்டும்?

அவர் உத்தரவாதம் தந்திருந்தால், கூலரை நீங்கள் கழற்றுவதற்கு முன்பே. பிராசஸரின் சாக்கெட்டில் முள் வளைந்திருந்தாலும், முன்பக்கப் போர்ட்டில் எதைச் செருகினாலும் கணினி அணைந்தாலும் போய்விடுங்கள். போகும்போது "சூடாகிறது" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடத்தில், எந்த வேலையின்போது என்பதையும், எந்தப் போர்ட்டில் விசைப்பலகை எழுதுகிறது, எதில் எழுதவில்லை என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எந்தெந்தப் பகுதிகளைக் கழற்றினார் என்று அவரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.